அடுப்படி மாந்திரீகம்: கைக்கு எட்டாத இடத்தில் பிறந்த சடங்குகள்

வெண்ணெய் திரளாமல் அடம்பிடித்த ஒரு காலைப் பொழுதிலிருந்து தொடங்கலாம். பிரிட்டன், அயர்லாந்து கிராமங்களில் வீட்டிலேயே பாலாடையைக் கடைந்து வெண்ணெய் எடுத்த காலம் அது. நெடுநேரம் கடைந்தும் திரளவில்லை என்றால், யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டுவார்கள். உடனே அடுப்பிலிருந்து இரும்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி எடுத்து, கடையும் பானைக்குள் முக்குவார்கள். அந்தச் சூடு சூனியம் வைத்தவளின் உடம்பில் இறங்கும், அவள் பிடியை விட்டுவிடுவாள் என்பது நம்பிக்கை. கம்பியை முக்கிய பிறகு, பல நேரங்களில் வெண்ணெய் நிஜமாகவே திரண்டு வந்தது.

இதன் காரணத்தை இன்று எளிதாகச் சொல்லிவிடலாம். பாலாடையில் இருக்கும் கொழுப்பு ஏறக்குறைய 13 முதல் 18 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நன்றாகத் திரளும். அதைவிடக் குளிர்ந்து போனால் கொழுப்புத் துளிகள் இறுகி, ஒன்றோடொன்று ஒட்ட மறுக்கும். சூடு கூடினாலோ உருகி நழுவிக்கொண்டே இருக்கும். குளிர்காலக் காலையில், வெப்பமானி என்ற ஒன்றே இல்லாத வீட்டில், கடைபவள் இதை எப்படி அளப்பாள்? பழுத்த கம்பி பாலாடையின் சூட்டைக் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தது. அவள் கை செய்தது சரி. அதற்கு அவள் சொன்ன காரணம்தான் வேறு.

ஆனால் இந்தக் கதையில் இன்னொருத்தியும் இருக்கிறாள். சூனியம் வைத்ததாகச் சந்தேகிக்கப்பட்ட பக்கத்து வீட்டுப் பெண். பால் சுரக்கவில்லை, வெண்ணெய் திரளவில்லை என்பதெல்லாம் ஐரோப்பாவின் சூனிய வழக்குகளில் திரும்பத் திரும்ப வரும் குற்றச்சாட்டுகள். ஒரு பானைப் பாலாடையின் குளிர்ச்சி, ஒருத்தியின் உயிர்வரை போய்விட முடிந்தது.

சமையலறை மாந்திரீகம் என்று வந்தாலே பேச்சு இரண்டு பக்கமாகப் பிரிந்துவிடுகிறது. எல்லாம் மூடநம்பிக்கை என்று ஒரு பக்கம். எல்லாவற்றிலும் முன்னோர் ஒளித்துவைத்த அறிவியல் இருக்கிறது என்று மறுபக்கம். இரண்டுமே அவசரத் தீர்ப்பு என்றுதான் நினைக்கிறேன். அந்த வெண்ணெய்ப் பானையை நன்றாகப் பாருங்கள். உண்மையான கைப்பழக்கம், தைரியம் தரும் ஒரு செயல், குற்றமற்ற ஒருத்தியின் மேல் விழுந்த பழி, மூன்றும் ஒரே பானைக்குள் கிடக்கின்றன. இவற்றைத் தனித்தனியாகப் பிரித்தெடுப்பதுதான் நாம் செய்ய வேண்டிய வேலை.

பிரித்துப் பார்க்க ஒரு நல்ல வழி, சடங்கு எந்த இடத்தில் வந்து உட்கார்கிறது என்று கவனிப்பது. மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி, முதல் உலகப் போர்க் காலத்தில் பசிபிக் கடலின் டிரோப்ரியண்ட் தீவுகளில் தங்கி ஆய்வு செய்தார். அங்கே, கரையை ஒட்டிய அமைதியான நீர்ப்பரப்பில் மீன் பிடிக்க யாரும் மந்திரம் ஓதவில்லை. ஆபத்து இல்லை, மீனும் நிச்சயம். அதே மனிதர்கள் திறந்த கடலுக்குப் போகும்போது மட்டும் விரிவான மந்திரச் சடங்குகள் செய்தார்கள். படகு கட்டும் திறமையும் காற்றைப் படிக்கும் அறிவும் அவர்களுக்கு நிறையவே இருந்தன. அந்தத் திறமை எட்டாத இடத்தில், மீதியை நிரப்ப மந்திரம் வந்தது.

சமையலறைக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். காய் நறுக்குவதற்குச் சடங்கு அபூர்வம். தண்ணீர் கொதிக்க வைக்க மந்திரம் தேவைப்படவில்லை. கடைவதற்கு, நுரைக்க வைப்பதற்கு, புளிக்க வைப்பதற்கு, தீயை அணையாமல் காப்பதற்கு, சேமித்த தானியம் கெடாமல் இருப்பதற்கு, விருந்தாளியின் கண் படாமல் இருப்பதற்கு என்று வரும்போது சடங்கு மேல் சடங்காக அடுக்கப்படுகிறது. சமைப்பவளின் கை முடிந்து, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று வேலையைத் தொடரும் இடங்கள் இவை.

புளிக்க வைப்பதில் இது மிகத் தெளிவாகத் தெரியும். மாவைப் பிசைந்து மூடி வைக்கிறீர்கள். காலையில் அது இரண்டு மடங்காக எழும்பியிருக்கிறது. யார் செய்தது? நொதித்தல் என்பது உயிருள்ள நுண்ணுயிர்களின் வேலை என்று லூயி பாஸ்டர் எழுதத் தொடங்கியது 1857-இல்தான். அதற்கு முன்னால் பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதர்கள் ரொட்டியும் மதுவும் செய்துகொண்டிருந்தார்கள், உள்ளே யார் இருக்கிறார் என்றே தெரியாமல். 15-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மது காய்ச்சும்போது மேலே திரளும் நுரைக்கு ‘கடவுளின் நன்மை’ என்ற பொருளில் பெயர் இருந்தது. தெரியாத ஒன்றுக்கு நன்றியோடு வைத்த பெயர் அது.

நார்வேயின் பண்ணை வீடுகளில் இதைவிட அழகான ஒன்று நடந்தது. வீட்டில் பீர் காய்ச்சுபவர்கள், மரத்தால் செய்த ஒரு வளையத்தையோ கட்டையையோ நொதிக்கும் மதுவுக்குள் போட்டு எடுத்து, உலர்த்திப் பத்திரமாக வைத்திருப்பார்கள். அடுத்த முறை காய்ச்சும்போது அதே வளையத்தை உள்ளே போட்டால் மது தானாக நுரைக்கத் தொடங்கும். இப்படி நுரைக்க வைக்கும் பொருளை அவர்கள் ‘க்வைக்’ என்றார்கள். வீட்டிலிருந்து வீட்டுக்கு, தலைமுறையிலிருந்து தலைமுறைக்கு அது கைமாறியது. அதை மதுவில் சேர்க்கும் நேரத்தில் பாத்திரத்துக்குள் உரக்கக் கூச்சல் போடும் வழக்கமும் இருந்தது. சத்தம் எவ்வளவு பெரிதோ மது அவ்வளவு வீரியமாக இருக்கும் என்று நம்பினார்கள்.

கூச்சலால் நுண்ணுயிருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. மர வளையத்தின் கதை வேறு. அதன் இடுக்குகளில் காய்ந்து ஒட்டியிருந்தது உயிருள்ள ஈஸ்ட். 2018-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, இந்த க்வைக் ஈஸ்ட்டுகள் மற்ற மது ஈஸ்ட்டுகளிலிருந்து பிரிந்து நிற்கும் தனிக் குழு என்று காட்டியது. நுண்ணுயிரைப் பற்றி எதுவும் அறியாத பண்ணை வீட்டார், ஒரு மரத்துண்டைப் பயபக்தியோடு காப்பாற்றியதன் மூலம், நுண்ணுயிர் இனம் ஒன்றையே வளர்த்துப் பழக்கிவிட்டார்கள். கூச்சலும் வளையமும் ஒரே சடங்கின் இரண்டு பாதிகள். அவர்கள் காலத்தில் நின்று பார்த்தால் எந்தப் பாதி வேலை செய்கிறது என்று சொல்ல முடியாது. இரண்டையும் காப்பாற்றியதால்தான் வளையமும் பிழைத்தது.

வெண்ணெய் கடையும்போது பாடும் பாட்டுக்கும் இப்படி ஒரு பயன் இருந்திருக்க வேண்டும். ‘வெண்ணெயே வா’ என்று கூப்பிடும் மந்திரப் பாட்டு ஒன்று 1656-இல் அச்சான ஆங்கில நூலில் பதிவாகியிருக்கிறது. மூன்று முறை சொல்ல வேண்டும் என்பது விதி. கடையும் கைக்கு ஒரே சீரான தாளம் வேண்டும். அலுப்பில் நடுவே விட்டுவிடவும் கூடாது. பாட்டு அந்த இரண்டையும் பார்த்துக்கொண்டது. கடிகாரம் இல்லாத வீட்டில் பாட்டுதானே கடிகாரம்.

இப்போது தீக்கு வருவோம். உலகின் பல மூலைகளில் வீட்டுத் தெய்வம் குடியிருந்தது அடுப்பில்தான். கிரேக்கர்களுக்கு அடுப்பே ஹெஸ்தியா என்ற தேவி. விருந்தில் முதல் படையலும் கடைசிப் படையலும் அவளுக்கு. ரோமானியர் அவளை வெஸ்டா என்றார்கள். ஊருக்குப் பொதுவான வெஸ்டா கோயிலில் தீ அணையாமல் எரிய வேண்டும். அணைந்துபோனால் நாட்டுக்கே கேடு என்று அஞ்சினார்கள். ரோமானிய வீடுகளில் ‘பெனாத்தேஸ்’ என்ற காவல் தெய்வங்களும் இருந்தன. அந்தப் பெயருக்கு வேராக இருக்கும் லத்தீன் சொல்லின் பொருள் வீட்டில் சேமித்து வைக்கும் உணவுப் பொருள். அதாவது, தானியம் வைத்த அறையின் தெய்வங்கள். கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெய் நகரைத் தோண்டியபோது, பல வீடுகளில் சமையலறைச் சுவரிலேயே சிறு வழிபாட்டு மாடங்களும் நெளியும் பாம்புகளின் ஓவியங்களும் கிடைத்தன. பக்கத்திலேயே அடுப்பு மேடை. சமைப்பதும் கும்பிடுவதும் கை நீட்டும் தூரத்தில் நடந்திருக்கிறது.

சீனாவின் அடுப்புத் தெய்வமான சாவ் ஜுன் இன்னும் நெருக்கமானவர். அடுப்புக்கு மேலே சுவரில் காகிதப் படமாக ஒட்டப்பட்டு, ஆண்டு முழுவதும் வீட்டில் நடப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார். சந்திர நாட்காட்டியின் 12-ஆம் மாதம் 23-ஆம் நாள் (சில பகுதிகளில் 24) அவர் மேலுலகம் போய் அந்தக் குடும்பத்தைப் பற்றி அறிக்கை கொடுக்க வேண்டும். அன்று ஒட்டும் இனிப்பையோ தேனையோ அவர் உதட்டில் தடவி, படத்தை எரித்து வழியனுப்புவார்கள். போகிறவர் இனிப்பாகப் பேச வேண்டும், இல்லாவிட்டால் வாயே ஒட்டிக்கொள்ள வேண்டும். புத்தாண்டில் புதுப் படம் வந்துவிடும். இந்தச் சடங்கில் எனக்குப் பிடித்தது அதன் நேர்மை. குடும்பத்தின் உண்மை முகம் கூடத்தில் தெரியாது, அடுப்படியில்தான் தெரியும் என்று அது ஒப்புக்கொள்கிறது. யாருக்கு எவ்வளவு பரிமாறினார்கள், யார் மிச்சத்தைச் சாப்பிட்டார்கள், யார் யாரைத் திட்டினார்கள் என்பதற்கெல்லாம் சாட்சி அடுப்புதானே.

ரஷ்யக் கிராமங்களில் வீட்டின் காவல் ஆவி ‘தொமவோய்’ அடுப்புக்குப் பின்னால் வசித்தது. குடும்பம் வீடு மாறும்போது பழைய அடுப்பின் கங்குகளை ஒரு சட்டியில் அள்ளிக்கொண்டு போய்ப் புது அடுப்பில் சேர்த்து, அதை வா என்று அழைத்தார்கள். தீப்பெட்டி இல்லாத காலத்தில் கங்கைச் சுமந்து போவது வேலைக்கும் ஆகும், மனசுக்கும் ஆகும். புது வீட்டின் முதல் இரவில் பழைய வீட்டின் தீயே எரிந்தால் குழந்தைகள் பயப்படாமல் தூங்கியிருப்பார்கள்.

உப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது தானே பேசும். இறைச்சியிலும் மீனிலும் இருக்கும் நீரை இழுத்து, அழுக வைக்கும் நுண்ணுயிர்கள் வாழ முடியாதபடி செய்துவிடுகிறது. அழுகலைத் தடுக்கும் பொருள் தீமையையும் தடுக்கும் என்று மனம் அடுத்த படிக்குத் தாவியது. யூதர்களின் வேதம் எல்லாப் படையலிலும் உப்பு சேர்க்கச் சொல்கிறது. சுமோ மல்லர்கள் களத்தில் உப்பை அள்ளி வீசிவிட்டு இறங்குகிறார்கள். ஸ்லாவ் மக்கள் விருந்தாளியை ரொட்டியும் உப்பும் கொடுத்து வரவேற்கிறார்கள். ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்று நாம் சொல்வதை, நமக்கிடையே ரொட்டியும் உப்பும் இருக்கிறது என்று அரபு மக்கள் சொல்கிறார்கள். உப்பு கொட்டினால் கெட்ட சகுனம் என்பது ஐரோப்பாவில் வேரூன்றிய நம்பிக்கை. லியொனார்டோ டாவின்சி 1495-க்கும் 1498-க்கும் இடையில் வரைந்த கடைசி விருந்து ஓவியத்தில், ஏசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸின் முழங்கை உப்புக் கிண்ணத்தைத் தட்டிவிட்டிருக்கிறது. 1790-இல் ஒழிக்கப்படும் வரை பிரான்சில் உப்புக்குக் கடும் வரி இருந்தது. விலை உயர்ந்த பொருளைக் கொட்டாதே என்று குழந்தையிடம் நூறு முறை சொல்வதைவிட, கொட்டினால் சனியன் வரும் என்று ஒரு முறை சொல்வது வேலை செய்யும். ஆனால் எல்லா உப்புச் சடங்கையும் சிக்கனத்தால் விளக்கிவிட முடியாது. கொட்டிய உப்பில் இன்னும் ஒரு சிட்டிகை எடுத்து இடது தோளுக்குப் பின்னால் வீசுவது எந்தச் சிக்கனத்தில் சேர்த்தி? அங்கே பயம்தான் பேசுகிறது.

மனம் ஏன் இப்படித் தாவுகிறது என்பதற்கு மானிடவியலாளர் ஜேம்ஸ் பிரேசர் 1890-இல் தொடங்கிய தன் பெரு நூலில் இரண்டு விதிகளை எடுத்துச் சொன்னார். ஒன்று, ஒத்தது ஒத்ததை உண்டாக்கும். இன்னொன்று, ஒருமுறை தொட்டது எப்போதும் தொட்டதுதான். முதல் விதிக்கு மெக்சிகோவில் மிகத் துல்லியமான உதாரணம் உண்டு. 16-ஆம் நூற்றாண்டில் அஸ்டெக் மக்களின் வழக்கங்களைத் தொகுத்த பெர்னார்தினோ தெ சஹாகுன் என்ற துறவி, பானையில் ஒட்டிப் பிடித்துக்கொண்ட தமாலே என்ற மாவுக் கொழுக்கட்டையை யாரும் சாப்பிடக் கூடாது என்ற விலக்கைப் பதிவு செய்திருக்கிறார். ஆண் சாப்பிட்டால் போரில் அவன் அம்பு குறி தவறும். பெண் சாப்பிட்டால் பிரசவத்தில் குழந்தை வயிற்றுக்குள் ஒட்டிக்கொள்ளும். பானையில் ஒட்டியது வாழ்க்கையிலும் ஒட்டும், அவ்வளவுதான் தர்க்கம். அம்பும் பிரசவமும் அந்த ஊரில் உயிர் போகும் விஷயங்கள் என்பதையும் கவனியுங்கள்.

இதெல்லாம் பழங்காலத்தார் பேச்சு என்று நினைப்பவர்கள் உளவியலாளர் பால் ரோசினும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1986-இல் வெளியிட்ட சோதனைகளைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில், படித்தவர்கள் முன்னால், இரண்டு சீசாக்களில் சாதாரணச் சர்க்கரை கொட்டப்பட்டது. ஒன்றில் ‘சர்க்கரை’ என்றும் மற்றதில் ‘சயனைடு’ என்றும் சீட்டு ஒட்டும்படி அவர்களிடமே சொன்னார்கள். ஒட்டியது அவர்கள் கை. உள்ளே இருப்பது சர்க்கரைதான் என்று அவர்களுக்கே தெரியும். இருந்தும் சயனைடு என்று எழுதிய சீசாவின் சர்க்கரையைக் கரைத்துக் குடிக்கத் தயங்கினார்கள். கிருமி நீக்கிய கரப்பான் பூச்சியைப் பழச்சாற்றில் ஒருமுறை முக்கி எடுத்தால் போதும், அந்தச் சாறு பெரும்பாலோருக்கு வேண்டாமல் போனது. பிரேசர் சொன்ன இரண்டு விதிகளும் ஆய்வுக்கூடத்து மேசையில் உயிரோடு இருந்தன.

ஒரு விதத்தில் இது நமக்குக் கிடைத்த வரம். கெட்டுப்போனதைத் தொட்டதும் கெட்டதாகவே இருக்கலாம் என்று ஒதுங்கும் மனம், கிருமியைப் பார்க்க முடியாத காலத்தில் பலரைக் காப்பாற்றியிருக்கும். க்வைக் வளையமும் அதே ‘தொட்டது தொட்டதுதான்’ விதியில் இயங்கியது. அங்கே அந்த விதி அப்படியே உண்மையாகவும் இருந்தது.

சமையலறைச் சுவருக்குள்ளும் தரைக்குள்ளும் ஒளித்து வைக்கப்பட்டவை தனிக் கதை. இங்கிலாந்தின் பழைய வீடுகளை இடித்தபோது புகைபோக்கிக்குள்ளும் அடுப்பங்கரைச் சுவரிலும் தேய்ந்துபோன ஒற்றைச் செருப்புகள் கிடைத்தன. பல சின்னக் குழந்தைகளுடையவை. நார்தாம்ப்டன் அருங்காட்சியகம் இப்படிக் கிடைத்தவற்றைப் பதிவு செய்து வருகிறது. 2012 வாக்கில் பதிவுகள் ஏறக்குறைய 1,900 இருந்தன. ஏன் வைத்தோம் என்று வைத்தவர்கள் எங்கேயும் எழுதவில்லை. அடுப்புப் பக்கத்தில்தான் நிறையக் கிடைத்திருப்பதால் ஆய்வாளர்கள் ஒன்றை ஊகிக்கிறார்கள். கதவைத் தாழிடலாம், ஜன்னலை மூடலாம். எப்போதும் திறந்தே இருக்கும் ஒரே வழி புகைபோக்கி. தீயது அந்த வழியாக வந்தால், மனித வாசனை பிடித்த செருப்பு அதைப் பிடித்து நிறுத்தும் என்று நம்பியிருக்கலாம். அடுப்புத் தரைக்கடியில் ‘சூனியச் சீசா’ புதைப்பதும் இதே வகை. 2004-இல் லண்டனின் கிரீனிச்சில் மூடி திறக்காத 17-ஆம் நூற்றாண்டுச் சீசா ஒன்று கிடைத்தது. உள்ளே வளைந்த ஊசிகள், இரும்பு ஆணிகள், முடி, நகத்துண்டுகள், கூடவே சிறுநீர். சோதித்தபோது அந்தச் சிறுநீரில் நிகோடினின் தடயம் இருந்தது. புகையிலை பிடித்த யாரோ ஒருவர், உடம்புக்கு முடியாமல், மருத்துவர் கைவிட்ட பிறகோ மருத்துவரே கிடைக்காமலோ, இதைச் செய்திருக்க வேண்டும். அந்தச் சீசாவைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நோயின் முன்னால் வெறும் கையோடு நின்ற ஒரு மனிதர்தான் தெரிந்தார்.

காரணம் தெரியாத படிகளை மனிதர்கள் ஏன் இவ்வளவு கவனமாக அப்படியே செய்கிறார்கள்? 2005-இல் வெளியான ஆய்வில் விக்டோரியா ஹார்னரும் ஆண்ட்ரூ வைட்டனும் சிம்பன்சிகளுக்கும் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கும் ஒரே பெட்டியைத் திறந்து காட்டினார்கள். நடுவில் தேவையில்லாத சில தட்டல்களையும் சேர்த்தார்கள். பெட்டி கண்ணாடி போல உள்ளே தெரிந்தபோது, அந்தத் தட்டல்கள் வீண் என்று சிம்பன்சிகள் புரிந்துகொண்டு விட்டுவிட்டன. குழந்தைகளோ எல்லாவற்றையும் அப்படியே செய்தார்கள். முதலில் கேட்கும்போது சிம்பன்சிதான் புத்திசாலி என்று தோன்றும். சமையலறையில் வைத்து யோசித்தால் குழந்தைகள் பக்கம் நியாயம் இருப்பது தெரியும்.

மக்காச்சோளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் சோளத்தைச் சுண்ணாம்பு நீரிலோ மரச்சாம்பல் நீரிலோ வேகவைத்து ஊறவைத்துத்தான் அரைப்பார்கள். ஏன் என்று கேட்டால் தோல் உரியும், மாவு நன்றாக ஒட்டும் என்பதுதான் கண்ணுக்குத் தெரியும் பதில். கண்ணுக்குத் தெரியாத பதில் நியாசின். சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் இந்த வைட்டமின், சுண்ணாம்பு பட்டால்தான் உடம்பு எடுத்துக்கொள்ளும் வடிவத்துக்கு வரும். ஐரோப்பியர் சோளத்தைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளிடம் பெல்லாக்ரா என்ற நோய் பரவியது. தோல் வெடித்து, வயிறு கெட்டு, புத்தி பேதலித்துச் செத்தார்கள். ஸ்பெயினின் காஸ்பர் கசால் 1735-இல் இதை விவரித்தார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் இதே நோய் பெருவாரியாகப் பரவ, அது தொற்று நோய் அல்ல, உணவுக் குறை என்று ஜோசப் கோல்ட்பர்கர் 1914-க்குப் பின் போராடி நிறுவினார். நியாசின்தான் மருந்து என்று 1937-இல் கான்ராட் எல்வெஹெம் கண்டுபிடித்தார். காரணம் புரியாத ஒரு படியைத் தவிர்த்ததன் விலை இருநூறு ஆண்டுச் சாவு.

அதே அஸ்டெக் சமையலறையில் இன்னொன்றும் நடந்தது. சோளத்தைப் பானையில் இடுவதற்கு முன் பெண்கள் அதன்மேல் மெல்ல மூச்சு விடுவார்களாம். நெருப்பைக் கண்டு சோளம் பயப்படாமல் இருக்க. தரையில் சிந்திய சோளத்தைப் பொறுக்காமல் போனால் அது தெய்வத்திடம் முறையிடும் என்றும் நம்பினார்கள். இதுவும் சஹாகுனின் தொகுப்பில் இருக்கிறது. மூச்சு விடுதல், சுண்ணாம்பு சேர்த்தல், சிந்தியதைப் பொறுக்குதல். அந்தப் பெண்ணுக்கு இவை மூன்று வேறு வேறு வகைச் செயல்கள் அல்ல. எல்லாமே சோளத்துக்குக் காட்டும் மரியாதை. அந்த மரியாதைதான் சுண்ணாம்புப் படியையும் யாரும் சோம்பேறித்தனத்தில் விட்டுவிடாமல் காத்தது என்று நான் நம்புகிறேன்.

இவ்வளவு சொன்ன பிறகு, மறுபக்கத்தையும் அதே அழுத்தத்தோடு சொல்லியாக வேண்டும். கை தவறியதற்குக் காரணம் கிடைக்காதபோது, சமையலறை மாந்திரீகம் அடிக்கடி பெண்ணின் உடம்பைக் குற்றவாளி ஆக்கியது. மாதவிலக்கான பெண் தொட்டால் புது மது புளித்துவிடும், பயிர் கருகும் என்று கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்தார். மாதவிலக்கு நாளில் மயோனைஸ் அடித்தால் திரிந்துபோகும் என்ற நம்பிக்கை பிரான்சில் அண்மைக் காலம் வரை இருந்தது. மயோனைஸ் திரிவது எண்ணெயை அவசரமாக ஊற்றுவதால். முட்டை மஞ்சள் தாங்கும் அளவுக்கு மேல் எண்ணெய் சேர்ந்தால் கலவை பிரியும், யார் கை அடித்தாலும். இந்த நம்பிக்கை அறிவியல் சட்டையும் போட்டுக்கொண்டது. 1920-இல் பேலா ஷிக் என்ற புகழ்பெற்ற மருத்துவர், மாதவிலக்கான பெண்கள் தொட்ட பூக்கள் வாடுவதாகச் சொல்லி, அவர்கள் உடம்பில் ஒரு நஞ்சு இருப்பதாக முன்வைத்தார். அப்படி ஒரு நஞ்சு கிடையாது. ஒரு சடங்கை எடைபோட நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: இது யாரையாவது வெளியே நிறுத்துகிறதா? அடுப்பைக் கும்பிடுவதால் யாருக்கும் வலியில்லை. ஒருத்தியை அடுப்பிலிருந்து விரட்டுவது வலி.

கண்ணேறு கழிப்பது இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. இத்தாலியில் தலைவலி, சோர்வு என்று வருபவர் முன்னால் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, சில சொட்டு எண்ணெய் விடுவார்கள். சொட்டுகள் பரவும் விதத்தை வைத்துக் கண் பட்டிருக்கிறதா என்று சொல்வார்கள். மந்திரத்தை மூத்த பெண் இளையவளுக்குக் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில்தான் சொல்லித்தருவாள். தண்ணீரில் எண்ணெய் விட்டுக் குறி பார்ப்பது, பாபிலோனிய மக்கள் சுமார் 3,700 ஆண்டுகளுக்கு முன்பே களிமண் பலகைகளில் எழுதி வைத்த கலை. எண்ணெய் பரவுவதும் உருண்டு நிற்பதும் தட்டின் சுத்தத்தையும் நீரின் மேற்பரப்பையும் பொறுத்தது. யார் பார்வையும் அதை மாற்றாது. ஆனாலும் தலைவலியோடு வந்தவருக்கு முன்னால் ஒருத்தி உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்து, என்ன ஆச்சு என்று கேட்டு, கால் மணி நேரம் அவருக்காகவே செலவழிக்கிறாள். தலைவலி குறைந்தது என்று அவர் சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. கண் வைத்தவள் யார் என்று பெயர் தேடத் தொடங்கினால்தான் தட்டு விஷமாகிறது.

சடங்கை மனம் எப்படி எடைபோடுகிறது என்பதற்குப் பிரேசிலில் ஒரு நல்ல சோதனை நடந்தது. அங்கே வீட்டுப் பொருள்களை வைத்துச் செய்யும் ‘சிம்பாதியா’ என்ற சிறு மாந்திரீகங்கள் இன்றும் பரவலாக இருக்கின்றன. கிறிஸ்டின் லெகாரும் ஆந்த்ரே சோசாவும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், படிகள் அதிகமாகவும், திரும்பச் செய்வது அதிகமாகவும், எப்போது எப்படி என்ற விவரம் துல்லியமாகவும் இருந்தால், அது பலிக்கும் என்று மக்கள் கூடுதலாக நம்பினார்கள். ‘ஏழு நாள், ஏழு முறை, விடியற்காலையில்’ என்று எந்த ஊர் மந்திரத்திலும் வருவதன் ரகசியம் இதுவாக இருக்கலாம். நல்ல சமையல் குறிப்பும் இதே உருவத்தில்தான் இருக்கிறது: அளவு, வரிசை, நேரம். இரண்டும் ஒரே இடத்தில் பிறந்ததில் ஆச்சரியம் இல்லை.

சடங்குக்குச் சுவையோடு நேரடி உறவும் உண்டு. கேத்லீன் வோஸும் உடன் ஆய்வாளர்களும் 2013-இல் வெளியிட்ட சோதனையில், சிலரைச் சாக்லேட்டை உறையோடு இரண்டாக உடைத்து, ஒரு பாதியைப் பிரித்துச் சாப்பிட்டு, பிறகு மறுபாதியைப் பிரிக்கச் சொன்னார்கள். அர்த்தமில்லாத வரிசைதான். இருந்தும் அப்படிச் செய்தவர்களுக்குச் சாக்லேட் அதிகமாக ருசித்தது. மற்றவர் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தப் பலன் வரவில்லை. தானே செய்ய வேண்டும். சாப்பாட்டுக்கு முன் ஒரு கணம் நிற்பது, முதல் கவளத்தை ஒதுக்குவது, மாவின் ஒரு துண்டைப் பிய்த்துத் தீயில் இடுவது, இவையெல்லாம் வாயையும் மனசையும் உணவின் பக்கம் திருப்புகின்றன.

கடைசியாக ஒரு எச்சரிக்கை, ஏனென்றால் சில சடங்குகள் உடம்புக்கு நேரடியாகத் தீங்கு செய்யும். ஈயத்தை உருக்கித் தண்ணீரில் ஊற்றிக் குறி பார்க்கும் வழக்கம் ஜெர்மனியில் புத்தாண்டு இரவிலும், துருக்கியில் கண்ணேறு கழிக்கவும் இருந்து வருகிறது. ஈயப் புகை மூளையையும் நரம்புகளையும் பாதிக்கும், குழந்தைகளை மிக மோசமாக. 2018 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈய வரம்பால் அந்தப் பழைய ஈயப் பொட்டலங்கள் கடைகளில் விற்க முடியாமல் போயின. பல மக்கள் காவல் செடியாக வளர்க்கும் அருவதாவின் சாறு தோலில் பட்டு வெயிலும் பட்டால் கொப்புளம் கிளம்பும். கர்ப்பிணிகள் அதை உட்கொள்ளவே கூடாது. பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தடவுவது பல இடங்களில் மங்கலச் சடங்கு. ஒரு வயது நிரம்பும் முன் தேன் கொடுத்தால் பாட்டுலிசம் என்ற உயிராபத்தான நோய் வரக்கூடும். மங்கலத்துக்கு வேறு வழி ஆயிரம் இருக்கிறது. இதை விட்டுவிடுவதே நல்லது.

ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் இரவில் தீயை மூடும் சடங்கு ஒன்று இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் அதைக் கேட்டு எழுதிவைத்திருக்கிறார்கள். தூங்கப் போகும் முன் வீட்டுப் பெண் அடுப்பின் கங்குகளை வட்டமாகப் பரப்பி, மூன்று சம பாகமாகப் பிரிப்பாள். பாகங்களுக்கு நடுவே எரிபொருளாகப் பயன்படும் கரிமண் கட்டிகளை ஒவ்வொன்றாக வைப்பாள். முதல் கட்டி உயிரின் கடவுள் பெயரால், அடுத்தது அமைதியின் கடவுள் பெயரால், மூன்றாவது அருளின் கடவுள் பெயரால். பிறகு மேலே சாம்பலைப் போர்த்தி, கண்ணை மூடி, மெல்லிய குரலில் வேண்டுதல் சொல்வாள். சாம்பலுக்கடியில் கங்கு காற்றில்லாமல் மெல்லக் கனன்று, காலைவரை உயிரோடு இருக்கும். வீடும் எரியாது.

இப்போது மூடுவதற்குக் கங்கு இல்லை. ஆனால் எத்தனையோ வீடுகளில், விளக்கை அணைக்கும் முன் யாரோ ஒருவர் சமையலறைக்குத் திரும்பி வருகிறார். எரிவாயு திருகை மூடியாயிற்று என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் விரலை வைத்து ஒருமுறை தொட்டுப் பார்க்கிறார், உள்ளே தூங்குபவர்கள் பக்கம் ஒரு நிமிடம் காதைக் கொடுக்கிறார், பிறகுதான் படுக்கப் போகிறார்.